வட்டிலப்பத்தின் நடுவே ஒரு கராம்பு

போன வாரக் கதையில், மகனுக்குப் பெண் பேச வரும் ஸகீனாவைப் பதுளை ரயிலில் ஏற்றி, மடியில் துணி சுற்றிய ஒரு பாத்திரத்தையும் கொடுத்து, தெமோதரைச் சுரங்கத்துக்குள் விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாக இருட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள். ரயில் வெளிச்சத்துக்கு வந்து பதுளை ஸ்டேஷனைப் பிடிப்பதற்குள், பஸார் வீதியில் பலீல் முதலாளியின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டை எட்டிப் பார்த்துவிடலாம்.

அங்கே பலீலின் மனைவி ஸுலைஹா, அடுப்பை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் ஆவி பறந்தது. ஆவிக்குள், தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்ந்த வட்டிலப்பம் வெந்துகொண்டிருந்தது. அது சரியாக வரவில்லையென்றால் அடுப்பை அடித்து நொறுக்கிவிடுபவள் போல இருந்தது அவள் நின்ற நிலை.

பதுளையில் எந்தச் சோனக முஸ்லிம் வீட்டுக் கலியாணமானாலும் பிரியாணிக்கு ஆள் மாறும்; வட்டிலப்பத்துக்கு மாறாது. ஸுலைஹாதான். கித்துள் கருப்பட்டியைக் கடையிலிருந்து அவளே பொறுக்கி எடுப்பாள். முட்டையை அடிக்க மாட்டாள், கையால் பிசைவாள். எல்லாவற்றுக்கும் மேலாக, மற்றப் பெண்கள் செய்யப் பயப்படும் ஒரு காரியத்தைச் செய்வாள். வட்டிலப்பம் பாதி வேகும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பார்கள். மூடியில் கோத்திருக்கும் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தாலும் மேற்பரப்பு குழம்பிவிடும். ஸுலைஹாவோ மூடியைச் சாய்க்காமல் பக்கவாட்டில் இழுத்து, நட்டநடுவில் ஒரே ஒரு கராம்பைக் குத்தி, மறுபடி மூடிவிடுவாள். வெந்து இறக்கினால் கராம்பின் தலை மட்டும் மேலே தெரியும். அது அவள் முத்திரை. அவளுடைய மாமியார் ஜெமீலா சாகும் முன் மருமகளுக்குக் கொடுத்துவிட்டுப் போன சொத்து அது ஒன்றுதான். வளையல்களெல்லாம் மூத்த மகள் காமிலாவுக்குப் போய்விட்டன.

அந்தக் காமிலாதான் இன்றைக்குக் காலையிலேயே வந்து சமையல் நடக்கும் குசினி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

காமிலாவுக்கு ஒரு மகன் உண்டு, ஸரூக். அவனுக்குத் தம்பி பலீலின் மகள் மர்லியாவைக் கட்டிவைக்க வேண்டும் என்று அவள் பல வருடங்களாக ஆசைப்பட்டாள். "சொந்தத்துக்குள்ள குடுக்கோணும், வெளிய குடுக்கப்படாது" என்பது அவள் எந்தப் பேச்சையும் முடிக்கும் விதம். மர்லியா ஸரூக்கைச் சின்ன வயதிலிருந்தே அண்ணன் முறையில் நாநா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டதால் கலியாணம் முடியாது என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் பதுளை அரசாங்கக் கச்சேரி ஆபீஸில் கிளார்க் வேலைக்கு வந்த ஜுனைன், பலீலின் கடையில் மெழுகுதிரி வாங்க ஆரம்பித்தான். ஒரு மாதத்தில் அவன் வாங்கிய மெழுகுதிரிகளை ஏற்றிவைத்தால் பஸார் வீதி முழுக்க வெளிச்சம் வரும். கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த திரை அசைகிறதா என்று பார்க்கத்தான் அவன் வருகிறான் என்பது பலீலுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. திரையும் அசைந்துகொண்டுதான் இருந்தது.

ஜுனைன் நல்ல பையன். தொழுகையுள்ளவன். ஒரே ஒரு விஷயம், மலாய்ப் பையன். அதிலும் பெரிய சங்கடம் ஒன்றும் இல்லை. பதுளையில் சோனகரும் மலாயரும் ஒரே பள்ளியில்தான் தொழுகிறார்கள். சங்கடம் வந்தது பையனின் தாய் ஸகீனாவின் வாயால்.

இரண்டு கிழமைக்கு முன் பண்டாரவளையில் ஒரு கலியாண வீட்டில் ஸகீனா சொன்னாளாம், வட்டிலப்பம் மலாய் ஆக்கள் கப்பலில் கொண்டுவந்த சாமான், சோனக ஆக்கள் அவர்களின் குசினியை எட்டிப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள் என்று. அதைக் காமிலா கீழே விழாமல் ஏந்திக்கொண்டு வந்து ஸுலைஹாவின் காதில் போட்டாள். அன்றிலிருந்து ஸுலைஹாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"வரட்டும்" என்றாள் இப்போதும், அடுப்பைப் பார்த்தபடி. "ஏன்ட வட்டிலப்பத்த வாயில வச்ச பொறகு, அந்த வாயாலயே இது சோனக வீட்டுச் சாமான் எண்டு சொல்ல வெக்கிறேன்."

மர்லியா அவள் பின்னால் வந்து நின்றாள். புதுச் சாரி உடுத்திருந்தாள். முகத்தில் பவுடரைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. இன்றைக்குத் தேதி குறிக்காவிட்டால் அவர்கள் வேறு இடம் பார்க்கப் போவார்கள், வெலிமடையில் ஒரு வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று ஜுனைன் மெழுகுதிரி வாங்கிய சாக்கில் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"உம்மா, இண்டைக்கு மட்டும் வட்டிலப்பத்தப் பத்தி வாயத் தொறக்காதீங்க" என்றாள்.

ஸுலைஹா மகளைத் திரும்பிப் பார்த்தாள். பெற்ற வயிறு இளகிவிட்டது. தலையை ஆட்டினாள். ஆட்டியதைக் காமிலாவும் பார்த்துக்கொண்டாள்.

ரயில் தாமதம். பகல் தொழுகையான லுஹருக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால்தான் வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் ஸகீனாவின் கணவர் ஸாலி. அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் டீமேக்கர். ஃபேக்டரியில் வறுபட்ட தேயிலை வாசம் அவர் கோட்டிலேயே குடியிருந்தது. கையில் ஒரு தேயிலைப் பொட்டலம். பலீல் அதை வாங்கி மூக்கை உள்ளே விட்டு, கடைக்காரக் கணக்கில் தரம் பார்த்து, மனசுக்குள் விலையும் போட்டுவிட்டார்.

அடுத்து ஸகீனா இறங்கினாள். ஒல்லியான பெண், மூக்குக் கண்ணாடி, சிரித்த முகம். இப்படி ஒருத்தியை எதிரியாக நினைத்துப் பதினைந்து நாள் பட்டினி கிடந்தோமா என்று ஸுலைஹாவுக்கே ஒரு கணம் வெட்கமாக இருந்தது. அந்தக் கணம் ஸகீனாவின் கையிலிருந்த பாத்திரத்தைக் கண்டதும் முடிந்துவிட்டது. துணிக்கட்டின் வழியாகக் கருப்பட்டியும் ஏலக்காயும் மணத்தன.

வட்டிலப்பம் செய்பவள் வீட்டுக்கு வட்டிலப்பம்!

பேசுவதில்லை என்று தலையாட்டியாகிவிட்டது. ஸுலைஹா பல்லைக் கடித்துக்கொண்டு, பாத்திரத்தை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி மேசையில் வைத்தாள்.

பேச்சு நன்றாகத்தான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டில் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பெண்ணைப் பார்த்தார்கள். மர்லியா சர்பத் கொடுத்தபோது ஸகீனா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நல்ல நாளாகப் பார்க்கலாம் என்று ஸாலி சொன்னார். பலீல் வேண்டாம் என்று எதற்குமே சொல்லவில்லை. சாப்பாடு வைத்தார்கள். முன் ஹாலில் ஆண்களுக்கு ஒரு சஹன், உள்ளே பெண்களுக்கு ஒரு சஹன். ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே சோற்று மலையைத் தன் தன் பக்கத்திலிருந்து குடைந்துகொண்டு, முகத்தைத் திருப்பிக்கொள்வது கஷ்டம். ஸுலைஹாவும் ஸகீனாவும் இறைச்சித் துண்டை ஒருத்தி பக்கம் ஒருத்தி தள்ளிவிடும் அளவுக்கு வந்துவிட்டார்கள்.

காமிலாவால் இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஸுலைஹா, இனிப்ப எடு" என்றாள். "ஒண்ட மட்டும் வெக்காத. அவங்க ரயில்ல இவ்வளவு தூரம் மடியில வச்சுக்கொண்டு வந்தீக்கிறாங்க. அதையும் தொறந்து பக்கத்துல வெய்யி. எது எப்படி ஈக்கி எண்டு பாப்பமே."

மறுத்தால் மரியாதை இல்லை. ஸுலைஹா இரண்டையும் கொண்டுவந்து வைத்தாள். முதலில் தன்னுடையதைத் திறந்தாள். கருஞ்சிவப்பாக, தேன்கூடு போலக் கண் கண்ணாக, நடுவில் கராம்பின் தலையோடு ஜம்மென்று இருந்தது. ஸகீனா அதைப் பார்த்து வாயைத் திறந்தாள். பாராட்டத்தான் போகிறாள் என்று நினைத்து ஸுலைஹா தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டாள். ஸகீனா திறந்த வாயை மூடிக்கொண்டாள். தன் பாத்திரத்தின் துணிக்கட்டை அவளே அவிழ்த்து மூடியை எடுத்தாள்.

அதன் நடுவிலும் ஒரு கராம்பு. தலை மட்டும் மேலே.

ஸுலைஹாவின் காது சூடானது. அவள் முத்திரையை, அவள் மாமியார் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்ததை, இந்தக் கண்ணாடிக்காரி எங்கே திருடினாள்? தலையாட்டியதெல்லாம் மறந்துபோயிற்று.

"இத ஒங்களுக்கு ஆரு சொல்லித் தந்த?"

"எங்கட உம்மா" என்றாள் ஸகீனா. அவள் குரலிலும் சிரிப்பு இல்லை. "ஒங்களுக்கு?"

"எங்கட மாமி."

"மாமிக்கு எந்த ஊரு?"

"இவரு பொறந்தது அப்புத்தளையில. ஸ்டேஷனுக்குக் கீழ வீடு."

"எங்கட உம்மாவும் அங்கதான் ஈந்தா. ஸ்டேஷனுக்குக் கீழ. உம்மா பேரு ஸைனப்."

காமிலாவின் கையிலிருந்த கரண்டி சஹனில் விழுந்தது.

அவள் ஸகீனாவை இப்போதுதான் முதல்முறை பார்ப்பவள் போலப் பார்த்தாள். முதலில் அவள் முகத்தில் வந்தது ஆச்சரியம். அதற்குப் பின்னால் வந்தது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை, பல வருட ஆசைக்கு வழி கிடைத்தவளின் முகம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அப்ப இந்தக் கலியாணம் கூடாது" என்றாள் காமிலா, முன் ஹாலுக்கும் கேட்கும்படி. "எங்கட பலீல் இவட உம்மாட்ட பால் குடிச்சவன். நான்தான் இடுப்புல தூக்கிக்கொண்டு வேலியால போவேன். பால்குடி உறவு, கூடப்பொறந்த மாதிரி. ஹராம்."

பலீல் பிறந்ததும் ஜெமீலாவுக்குக் காய்ச்சல் கண்டு, பால் வற்றிப்போனதாம். பக்கத்து மலாய் வீட்டில் ஸைனப்புக்கும் அடுத்த நாளே ஒரு பெண் குழந்தை பிறந்தது. தன் பிள்ளையை ஒரு பக்கமும் அடுத்த வீட்டுப் பிள்ளையை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டு, ஜெமீலா எழுந்து நடமாடும் வரைக்கும் அவள்தான் பால் கொடுத்தாளாம். பிறகு ஸைனப்பின் கணவருக்கு மாற்றலாகி, அவர்கள் தலவாக்கலைப் பக்கம் போய்விட்டார்கள். ஜெமீலாவும் பதுளைக்கு வந்துவிட்டாள். போக்குவரத்து நின்றுபோயிற்று. காமிலா இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

திரையை விலக்கிக்கொண்டு பலீல் வந்து நின்றார். கையில் சோறு ஒட்டியிருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய மனிதர், தான் ஒரு கைக்குழந்தையாக வேலி தாண்டிப் போன கதையைக் கேட்டு விழித்தார்.

ஸகீனா கண்ணாடியைக் கழற்றினாள். "உம்மா சொல்லுவா" என்றாள் மெதுவாக. "ஒனக்குப் பக்கத்துல ஒரு சோனகப் புள்ளயும் குடிச்சிச்சு, அது ஒன்னவிடக் கெட்டிக்காரன், ஒண்ட பங்கையும் குடிச்சுப்போடும் எண்டு. பேரு சொன்னதில்ல. அது நீங்களா?"

பலீல் கையில் ஒட்டியிருந்த சோற்றைப் பார்த்தார். "தெரியாம குடிச்சீப்பேன்" என்றார்.

உள்ளறையில் கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. மர்லியா கையில் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றாள். ஸுலைஹா மகளின் முகத்தைப் பார்த்தாள். கராம்பாவது முத்திரையாவது. பிள்ளையின் வாழ்க்கை இந்தச் சஹனின் நடுவில் கிடக்கிறது. யா அல்லாஹ், ஒரு வழி காட்டு என்று மனசுக்குள் துஆக் கேட்டாள். கேட்டுவிட்டு, கடையில் சாமான் கணக்குப் பார்ப்பது போல விரலை மடக்க ஆரம்பித்தாள்.

"பால் குடிச்சது ஆரு? இவரு. ஏன்ட மகள் குடிக்கல்ல. அவங்கட மகனும் எங்கட வீட்டுல குடிக்கல்ல." இரண்டாவது விரல். "அப்ப ஸகீனா இவருக்குத் தங்கச்சி. ஒரே வயித்துல பொறந்த தங்கச்சியா ஈந்தா, அவட மகனுக்கு எங்கட மகளக் குடுக்கிறதில்லையா? அதுதானே முறை. மாமிட மகன். சொந்தத்துக்குள்ள குடுக்கோணும் எண்டு நீங்கதானே மதினி சொல்லிக்கொண்டே ஈந்தீங்க? இதவிடச் சொந்தம் எங்க தேடுற?"

காமிலா தன் வலையில் தானே காலை விட்டுக்கொண்டாள். ஆனால் லேசில் விடுகிறவளா அவள்? கடைசியாக ஒன்று கையில் இருந்தது. அதை எடுத்து ஸுலைஹாவின் எந்த இடத்தில் குத்த வேண்டுமோ அந்த இடத்தில் குத்தினாள்.

"அப்ப ஒத்துக்கிறியா? எங்கட உம்மா படிச்சது அந்த மலாய் வீட்டுக் குசினியில எண்டு? ஒண்ட வட்டிலப்பம் மலாய் ஆக்கள்ட சாமான் எண்டு இவ்வளவு பேருக்கு முன்னால சொல்லு பாப்பம்."

பலீல் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், அவளிடம் காதிலிருப்பதைக் கேட்டால்கூடக் கழற்றிக் கொடுத்துவிடுவாள், இதைக் கேட்கக் கூடாது. கதவுக்குப் பின்னால் மர்லியா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஸுலைஹா இரண்டு பாத்திரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே நிறம், ஒரே கண், ஒரே கராம்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மாரைக் கொடுத்த ஒருத்தியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். அந்தப் பிள்ளைதான் கையில் சோற்றோடு இங்கே நிற்கிறது. அந்தப் பால் இல்லாவிட்டால் தனக்கு இந்தப் புருஷனும் இல்லை, கதவுக்குப் பின்னால் நிற்கும் மகளும் இல்லை.

"ஏன்ட புருஷனுக்கு உசிர் குடுத்த பால் வந்த வீடு" என்றாள். "அந்த வீட்டுலயிருந்து வட்டிலப்பமும் வந்தீந்தா, எனக்கென்ன கொறைஞ்சு போச்சு?"

ஸகீனா எழுந்து வந்து ஸுலைஹாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கை சோறும் கறியுமாக இருந்ததால் புறங்கையால்தான் பிடிக்க முடிந்தது.

"எங்கட உம்மாதான் ஒங்கட மாமிக்கிட்டப் படிச்சாவோ என்னவோ" என்றாள். "ஆரு கண்டா. வாய் சும்மா ஈக்காம அண்டைக்கு நானும் ஒரு சொல்லுச் சொல்லிட்டேன். மனசுல வெக்காதீங்க மதினி."

மதினி என்று கூப்பிட்டுவிட்டாள். ஸுலைஹாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இனி அவளுக்கு இரண்டு மதினிமார். ஒருத்தியையே சமாளிக்க முடியாமல் இருந்தவள்தான், ஆனாலும் இந்த இரண்டாவது மதினியை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

ஆண்கள் லுஹர் தொழப் பள்ளிக்குப் போனார்கள். மனசில் ஒரு சந்தேகம் மிஞ்சக் கூடாது என்று பலீல் அங்கே தொழுகை நடத்தும் லெப்பையிடம் விஷயத்தைச் சொன்னார். லெப்பை தாடியைத் தடவிக்கொண்டு கேட்டுவிட்டு, தாராளமாகக் கட்டலாம், பால் குடித்தவர் மாப்பிள்ளையாக வரவில்லையே, மாமனாராகத்தானே வருகிறார் என்று சிரித்தாராம். கலியாணச் சாப்பாட்டுக்குத் தன்னையும் மறந்துவிட வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார். திரும்பி வரும்போது ஸாலியும் பலீலும் கதை பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பால்குடி மச்சான் என்று ஸாலி அவரைக் கேலி செய்ய ஆரம்பித்திருந்தார்.

வீட்டில் அதற்குள் இரண்டு வட்டிலப்பமும் பாதியாகியிருந்தன. ஸுலைஹா ஸகீனாவினுடையதில் ஒரு துண்டை வாயில் வைத்தாள். ஜாதிக்காய் ஒரு சிட்டிகை கூட. மற்றபடி அதே ருசி, மாமியார் கையின் ருசி. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தக் கையை மறுபடி தொட்டது போல இருந்தது அவளுக்கு. யாரிடமும் சொல்லாமல் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள். காமிலாவுக்கு நடுத்துண்டை வெட்டி வைத்ததும் அவள்தான். காமிலா கோபத்தில் பார்க்காமல் கடித்தாள். கராம்பு பல்லுக்குள் நசுங்கியது. அதன் பிறகு வெகுநேரம் அவள் பேசவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டாம் ஞாயிறு என்று நாள் குறித்தார்கள். மர்லியா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். ஸகீனா தன் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள்.

மாலை ரயிலுக்கு நேரமாயிற்று. வாடகைக் கார் வந்தது. ஸுலைஹா, ஸகீனாவின் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மனமில்லாமல், தன் வட்டிலப்பத்தில் மிச்சத்தை அதில் போட்டுக் கட்டிக் கொடுத்தாள். லீவில் அப்புத்தளை வீட்டுக்குப் போயிருந்த ஜுனைனுக்குக் கொடுக்கச் சொன்னாள். இரண்டு பேரும் வாசலில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பஸார் வீதியே பார்த்தது.

காரில் ஏறி உட்கார்ந்த ஸகீனா, ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"மதினி, ஒண்டு சொல்ல மறந்துட்டேன். கலியாணத்துக்கு வட்டிலப்பத்தப் பத்தி நீங்க யோசிக்காதீங்க. அது எங்கட பொறுப்பு. நான் அப்புத்தளையிலயிருந்து செஞ்சு கொண்டு வாறேன்."

கார் புறப்பட்டுவிட்டது. ஸுலைஹா சிரித்த முகத்தோடு கையை ஆட்டினாள். கார் மணிக்கூட்டுக் கோபுரத்தைத் திரும்பி மறைந்த பிறகும் அவள் கை ஆடிக்கொண்டிருந்தது. சிரிப்பு மட்டும் மெதுவாக இறங்கிவிட்டது. வட்டிலப்பம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதைத்தானே அவள் விட்டுக்கொடுத்தாள்? தன் மகள் கலியாணத்துக்கு அது எந்த அடுப்பில் வேகும் என்பதையா?

"இவரே" என்று கடைக்குள் திரும்பிக் கூப்பிட்டாள். "பெருநாள் வரைக்கும் கடையில ஈக்கிற கித்துள் கருப்பட்டியில ஒரு துண்டு ஆருக்கும் விக்காதீங்க. ஒங்கட தங்கச்சி வந்து கேட்டாலும்."